அருவாமணைக்கு ஒரு மூலை இருந்தது, கத்திக்கு?

சமையலறைக் கத்தியை எங்கே வைப்பது? கேட்டால் சிரிப்பு வரும். இதற்கெல்லாம் கூட வரலாறு உண்டா என்று தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் கத்தி இருக்கும் இடத்தைச் சொன்னால், அந்த வீட்டுக் கூரை ஓலையா கான்கிரீட்டா, அடுப்பு தரையில் எரிகிறதா மேடையில் எரிகிறதா, சமைப்பவர் உட்கார்ந்து நறுக்குகிறாரா நின்று நறுக்குகிறாரா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இன்று நம் வீடுகளில் கத்தி எங்கே இருக்கிறது? கரண்டி ஸ்டாண்டில் கரண்டியோடு கரண்டியாக. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள். மிக்ஸிக்குப் பின்னால். சில சமயம் குளிர்சாதனப் பெட்டியின் தலையில். அதாவது, அதற்கென்று ஓர் இடமே கிடையாது. இத்தனைக்கும் இரும்பை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கி வரும் நாடு இது. அந்த இடம் எப்போது, எப்படித் தொலைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலையடிவாரத்திலிருந்து ஆரம்பிப்போம்

திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அய்யம்பாளையம். பக்கத்தில் மருதாநதி அணை, சுற்றிலும் தென்னந்தோப்புகள். அய்யம்பாளையம் நெட்டை என்று ஒரு தென்னை ரகமே இந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலைக்கு மேலே வாழை, பலா, காபி. பழனி மலையின் விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேங்காய், வாழைக்காய், வாழைப்பூ, பலாக்காய்... நார், பால், பிசின் என்று கத்தியைச் சோதித்துப் பார்க்கிற காய்கறிகள்தான் இந்தப் பக்கத்துச் சமையலில் அதிகம். ஆகவே வெட்டுக் கருவியின் கதையைப் பேச இது பொருத்தமான ஊர்தான்.

இதே மலையில் சற்று மேலே போனால் தாண்டிக்குடி. அந்த வட்டாரத்தில் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் ஏராளம். பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. பின்னர் 2000-களின் நடுவில் தொல்லியல் அறிஞர் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் அகழாய்வும் நடந்தது. தென்னிந்தியாவில் பெருங்கற்காலம் என்றாலே இரும்பும் கூடவே வரும். கொங்குப் பகுதியில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களே கிடைத்தன. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளையில் கிடைத்த காலக்கணிப்புகளை வைத்து இந்தக் காலத்தை இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோகிறது.

இதில் நம் விஷயத்துக்கு வேண்டிய தகவல் ஒன்று ஆதிச்சநல்லூரில் இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ அங்கே 1899 தொடங்கி சில ஆண்டுகள் தோண்டியபோது, தாழிகளைச் சுற்றி வாள், ஈட்டி, கத்தி என்று இரும்புப் பொருட்கள் நிறையக் கிடைத்தன. அவை நுனி கீழே பார்த்தபடி, மண்ணில் குத்தி வைத்தது போல இருந்தன என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அது ஈமச் சடங்கு. சமையலறைப் பழக்கம் அல்ல. ஆனாலும் ஒரு வெட்டுக் கருவியைக் கீழே வைக்கும்போது அதை எப்படி வைக்க வேண்டும் என்று அன்றைய மனிதர்களுக்கு ஒரு முறை இருந்தது தெரிகிறது. கத்தியைக் கையில் எடுத்த நாளிலேயே, அதைக் கீழே வைக்கும் முறையையும் மனிதன் யோசிக்க வேண்டியிருந்தது.

துரு என்ற எதிரி

பழைய கத்திகள் எல்லாம் வெறும் இரும்பு அல்லது எஃகு. தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். உப்பு பட்டால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினால் கத்தி கறுத்துப்போவதைப் பார்த்திருப்போம். அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வேதியியல்தான்.

எனவே இரும்புக் கத்தியை வைக்கும் இடத்துக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஈரம் இருக்கக் கூடாது. இரண்டு, காலிலோ கையிலோ படக் கூடாது. இந்த இரண்டுக்கும் பழைய வீட்டில் விடை தயாராக இருந்தது.

ஓலைக் கூரை வீட்டில் கூரை தாழ்ந்து வரும் இடத்துக்கு எறவாணம் என்று பெயர். அரிவாளை அங்கேதான் செருகுவார்கள். வெளியே போகிறவர் கை நீட்டினால் கிடைக்கும், தவழும் பிள்ளைக்கு எட்டாது. ஓலைக்குள் வாய் புதைந்திருப்பதால் யார் தலையிலும் படாது. தனியாக உறை தேவையில்லை, கூரையே உறை. சின்னக் கத்திக்குச் சுவரில் மாடக்குழி இருந்தது. அடிக்கடி தேவைப்படாத பெரிய கத்தி பரணுக்குப் போகும். விறகடுப்புச் சூட்டில் பரண் எப்போதும் காய்ந்தே இருக்கும். மரம் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு. பனையேறிகள் பாளை அரிவாளை இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். வெறும் இடுப்பில் செருகிக்கொண்டு பனை ஏற முடியுமா என்ன?

அருவாமணையின் சட்டதிட்டங்கள்

இனி சமையலறைக்குள் வருவோம். தமிழ் வீட்டு அடுப்படியின் உண்மையான ராணி கத்தி அல்ல, அரிவாள்மணை. பேச்சு வழக்கில் அருவாமணை. மணை என்றால் பலகை. பலகையில் வளைந்த அரிவாள் ஒன்று நிமிர்ந்து நிற்கும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காயைப் பிடித்து அலகின் மேல் தள்ளி நறுக்க வேண்டும். அலகின் நுனியில் பல் வைத்த துருவி இருந்தால் தேங்காயும் துருவிக்கொள்ளலாம். தென்னை ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி!

தமிழ்நாட்டோடு இது நிற்கவில்லை. வங்காளத்தில் போட்டி, மராட்டியத்தில் விளி, கன்னடத்தில் ஈளிகே மணே, தெலுங்கில் கத்திப்பீட்ட என்று ஒரே குடும்பம். தரையில் உட்கார்ந்து சமைத்த இடங்களில் எல்லாம் இந்த வடிவம் இருந்திருக்கிறது. மேற்கத்தியக் கத்தியில் காய் நிற்கும், கத்தி நகரும். அருவாமணையில் கத்தி நிற்கும், காய் நகரும்.

நிமிர்ந்து நிற்கும் அலகு என்பதால் இது கத்தியை விட ஆபத்தானது. தரையில் இருப்பதால் கால் பட வாய்ப்பு அதிகம். அதனால்தான் இதைச் சுற்றி ஒரு பெரிய சட்டப் புத்தகமே வாய்மொழியாக உருவானது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து மூலையில் வை. வாய் சுவரைப் பார்த்து இருக்கட்டும். மடக்கு அருவாமணை என்றால் மடக்கி வை. அதைத் தாண்டாதே. கத்தியைக் கையில் கொடுக்காதே, சண்டை வரும், கீழே வை, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். துடைத்து வைப்பது துருவுக்கு. வாய் சுவரைப் பார்ப்பது நடப்பவர் காலுக்கு. தாண்டாதே என்பது ஓடி விளையாடும் பிள்ளைக்கு. கையில் கொடுக்காதே என்பது கை மாறும் நொடியில் நடக்கும் வெட்டுக்கு. "விரல் வெட்டுப்படும்" என்று சொன்னால் பிள்ளை ஒரு நாள் கேட்கும், மறுநாள் மறக்கும். "சண்டை வரும்" என்றால் ஆயுளுக்கும் மறக்காது! பாதுகாப்பு விதியை மனதில் பதிய வைக்க நம் பாட்டிகள் கண்டுபிடித்த வழி அது.

ஆண்டுக்கு ஒரு நாள் இந்த விதிகள் எல்லாம் மாறும். ஆயுத பூஜை அன்று வீட்டில் உள்ள அருவாமணை, கத்தி, அரிவாள், கோடரி எல்லாம் மூலையிலிருந்தும் பரணிலிருந்தும் இறங்கி வரும். துரு நீக்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஒரே வரிசையில் சாமி முன்னால் உட்காரும். அன்று அவற்றை எடுத்து வேலை செய்யக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். கணக்குப் பார்வையில் பார்த்தால் இது வருடாந்திர சரக்கிருப்பு சரிபார்ப்பு! எது இருக்கிறது, எது காணோம், எதற்குப் பிடி ஆடுகிறது, எதைக் கொல்லரிடம் கொடுக்க வேண்டும் என்பது அன்று தெரிந்துவிடும். அதுவும் அக்டோபரை ஒட்டி, வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வரும் நேரத்தில்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

துருப் பிரச்சினை நமக்கு மட்டும் இருந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்கார வீடுகளின் சாப்பாட்டு அறையில் மகோகனி மரத்தில் செய்த கத்திப் பெட்டிகள் இருந்தன. சாய்வான மூடி, உள்ளே வரிசையாகத் துளைகள், கைப்பிடி மேலே தெரியும்படி கத்திகள் செருகப்பட்டிருக்கும். இன்று கடைகளில் விற்கும் மரக்கட்டை ஸ்டாண்டைப் பார்த்தால் அந்தப் பெட்டியின் சாயல் தெரியும். ஜப்பானில் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவின் உட்புறத்தில் கத்தி செருகும் சட்டம் வைப்பது வழக்கம். கதவைத் திறந்தால் கத்தி, மூடினால் ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்துப் பணக்காரர் வீட்டில் பெட்டியைக் கவனிக்க வேலைக்காரர் இருந்தார். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் எஃகுக் கத்தி கறுக்கும். தினமும் தேய்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தி தேய்ப்பதற்கென்றே கைப்பிடி சுற்றும் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன.

இந்தத் தொல்லைக்கு முடிவு வந்த ஆண்டு 1913. ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்காக உலோகக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, குரோமியம் அதிகம் கலந்த எஃகு அரிக்கப்படாமல் நிற்பதைக் கண்டார். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறினாலும் அது தானே மறுபடி உருவாகிவிடும். ஷெஃபீல்டு கத்திக்குப் பெயர் போன ஊர் அல்லவா? துப்பாக்கிக்குத் தேடியது சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழில் இதற்கு நாம் வைத்துக்கொண்ட பெயரே எவர்சில்வர். என்றைக்கும் வெள்ளி! 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கி, துருப்பிடிக்காத எஃகுத் தகடுக்குச் சேலத்தின் பெயரையே அடையாளமாக்கியது. பித்தளையும் வெண்கலமும் பரணுக்கு ஏற, எவர்சில்வர் அடுப்படிக்கு வந்தது.

இடம் தொலைந்த கதை

அடுத்தடுத்து மூன்று மாற்றங்கள் நடந்தன.

முதலில் அடுப்பு எழுந்து நின்றது. சமையல் எரிவாயு அடுப்பை சிலிண்டரை விட உயரத்தில் வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே மேடை கட்டினார்கள். இண்டேன் 1965-ல் அறிமுகமானாலும் நீண்ட காலம் அது நகரத்து வசதிதான். தமிழ்நாட்டில் 2007-ல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த உஜ்வலா திட்டமும் அதைச் சிற்றூர் வரை கொண்டுபோயின. அடுப்பு மேடை ஏறியதும் சமைப்பவரும் எழுந்து நின்றார். ஒவ்வொரு காய்க்கும் உட்கார்ந்து எழ முடியுமா? அருவாமணை மூலையிலேயே இருக்க, மேடைக்குக் கத்தியும் பலகையும் வந்தன.

இரண்டாவது, கூரை மாறியது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற 2010-ல் தமிழக அரசு கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மழைக்கும் தீக்கும் பயந்த குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் கான்கிரீட் கூரையில் எறவாணம் கிடையாது. சிமெண்ட் சுவரில் மாடக்குழி கிடையாது. விறகடுப்புச் சூடு இல்லாததால் பரண் இருந்தாலும் அது காய்ந்த இடம் இல்லை.

மூன்றாவது, உலோகம் மாறியது. துருப்பிடிக்காத கத்தியைத் துடைக்க வேண்டியதில்லை, எண்ணெய் தடவ வேண்டியதில்லை. ஈரத்தோடு எங்கே போட்டாலும் அடுத்த நாள் பளபளவென்று இருக்கும். துரு என்ற பயம் போனதும், அதோடு சேர்ந்து "இடத்தில் வை" என்ற ஒழுங்கும் போய்விட்டது. கத்தி துருப்பிடிப்பதைத்தான் எவர்சில்வர் நிறுத்தியது. விரலை வெட்டுவதை அல்ல.

ஐரோப்பாவில் இப்படி எழுந்து நின்ற அடுப்படிக்கு யாரோ உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சின்னதாக ஒரு சமையலறையை வடிவமைத்தார். மாவு, அரிசி, சர்க்கரைக்குத் தனித்தனி இழுப்பறைகள், வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கழிவுக்கு ஒரு குழி. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதைக்கூட யோசித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை வந்தது. நம் ஊரில் மேடையைக் கட்டியவர் கொத்தனார். அவரிடம் மேடையின் உயரத்தையும் கடப்பைக் கல்லா கிரானைட்டா என்பதையும் பேசினார்கள். கத்திக்கு இடம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவரும் விடவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எறவாணமும் மூலையும் யாரும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. அருவாமணையை எங்கே வைப்பது என்பதை அதில் உட்கார்ந்து நறுக்கிய பெண்ணே முடிவு செய்தார். விதிகளைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு அருவாமணையோடு சேர்ந்து அதன் சட்டமும் போனது. கத்தி கடையிலிருந்து வந்தது. அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் மூடி போட்டு வந்தது. சட்டம் எதுவும் கூட வரவில்லை.

இன்றைய வழிகள், பழைய நிபந்தனைகள்

இன்று கடையில் கிடைக்கும் வழிகள் நான்கைந்து. பழைய இரண்டு நிபந்தனைகளையும் (ஈரம் கூடாது, படக் கூடாது) வைத்தே அவற்றை எடைபோடலாம்.

மரக்கட்டை ஸ்டாண்ட் அழகு. ஆனால் துளைக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், கரப்பானும் குடியேறும். உள்ளே துடைக்க வழியில்லை. கத்தியை நன்றாக உலர்த்தி வைக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்குத்தான் சரி. மேடையில் இடமும் அடைக்கும்.

காந்தப் பட்டை சுவரில் இருக்கும், காற்றோட்டம் உண்டு, எது எங்கே என்று தெரியும். எறவாணத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் உயரத்தில் அடிக்க வேண்டும். அடுப்புக்கு மேலேயோ நடக்கும் வழியிலோ அடிக்கக் கூடாது. எல்லா எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் கத்திக்குப் பயன்படும் கடினமான வகை பொதுவாக ஒட்டும். வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

இழுப்பறை என்றால் கரண்டிகளோடு சேர்த்துப் போடக் கூடாது. உலோகம் உலோகத்தில் இடித்தால் கூர் போகும். பார்க்காமல் கை விடுகிறவர் விரலும் போகும். தனித் தடுப்பு வேண்டும், அல்லது கத்திக்கு உறை வேண்டும். உறை என்பது பனையேறியின் அரிவாள் பெட்டிதான், கொஞ்சம் சின்னதாக. கெட்டி அட்டையை மடித்து ஒட்டினாலே ஒரு உறை தயார். செலவே இல்லை. சின்னப் பிள்ளை உள்ள வீட்டில், உறை போட்டு மேல் அலமாரியில் வைப்பதை விட நல்ல வழி வேறில்லை.

கரண்டி ஸ்டாண்ட் மட்டும் வேண்டாம். ஸ்டாண்டில் நுனி மேலே பார்த்து நிற்கும் கத்தி, கரண்டி எடுக்கப் போகும் கைக்காகக் காத்திருக்கிறது. கழுவும் தொட்டியும் வேண்டாம். சோப்பு நுரைக்கு அடியில் கிடக்கும் கத்தி யார் கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் பாத்திரம் கழுவ வேறொருவர் வருகிறார் என்றால், அவருக்குத் தெரியாமல் அங்கே கத்தியைப் போடுவது பெரிய தவறு.

மொத்தத்தில் எந்தப் பொருளை வாங்குகிறோம் என்பது இரண்டாவது கேள்வி. இந்த வீட்டில் கத்தியின் இடம் இதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, எடுத்தவர் அங்கேயே திரும்ப வைப்பதுதான் முதல் விஷயம். அதுவும் சமைக்கிறவர் கைக்கு வாகான இடமாக இருக்க வேண்டும். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தச்சரோ, கடைக்காரரோ, வீட்டில் ஒரு நாளும் வெங்காயம் நறுக்காதவரோ அல்ல.

அருவாமணை இன்னும் ஒழிந்துவிடவில்லை. வாழைத்தண்டும் பலாக்காயும் வரும் நாளில், தேங்காய் துருவ வேண்டிய நாளில், பல வீடுகளில் அது மூலையிலிருந்து எழுந்து வருகிறது. வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். அதே வீட்டில் மேடை மேல் கத்தி அப்படியே கிடக்கிறது. அருவாமணைக்குச் சொன்ன சட்டத்தைக் கத்திக்கும் சொல்லிக் கொடுக்க அதிக நேரம் ஆகாது.